பறவை மீது பழி! சின்ன விமானத்தில் செத்தவனுக்குக் கேட்க நாதி இல்லை

1973-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி. காலை 10 மணி தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரை ஒட்டி டிகால்ப்-பீச்ட்ரீ என்று ஒரு விமான நிலையம். கம்பெனிக்காரர்களும் தனி ஆட்களும் சொந்தமாக வைத்திருக்கும் சின்ன விமானங்கள் வந்துபோகிற இடம் அது.

அன்று ஒரு "லியர்ஜெட்" விமானம் மியாமிக்குப் புறப்பட்டது. அதில் விமானிகள் 2 பேர், பயணிகள் 5 பேர்.

சக்கரம் தரையை விட்டதுதான் தாமதம். ஒரு குருவிக் கூட்டம் குறுக்கே வந்தது. இரண்டு எஞ்சினும் குருவிகளை உள்ளே இழுத்துக்கொண்டன. எஞ்சின் திணறியது. விமானம் மேலே ஏற முடியாமல் தள்ளாடியது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூரையில் இடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பள்ளத்தில் விழுந்தது. குபீர் என்று தீப்பிடித்தது.

7 பேரும் செத்தார்கள். விமானத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தரையில் இருந்த ஒருவர் தீயில் வெந்து படுகாயம் அடைந்தார்.

இப்படி விபத்து நடந்தால் என்ன சொல்வார்கள்? "பறவை மோதி விமானம் நொறுங்கியது" என்பார்கள். பறவைதான் குற்றவாளி. அந்தக் குற்றவாளியும் செத்துப்போச்சு. கேஸ் முடிந்தது.

அப்படி முடித்துவிடலாமா?

குப்பை மேடு

அந்தக் குருவிக்கு "மாட்டுக் குருவி" என்று பெயர். மாட்டு மந்தை போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும். தலை தவிட்டு நிறம், உடம்பு கறுப்பு. எடை 50 கிராம் இருந்தால் அதிகம். நம்ம ஊர் குயில் மாதிரி அடுத்த பறவையின் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போகிற ஜாதி.

மாட்டுக்குப் பின்னால் போகிற குருவிக்கு விமான நிலையத்தில் என்ன வேலை?

ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே ஒரு குப்பை மேடு இருந்தது. மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான குப்பை மேடு. ஊர்க் குப்பை எல்லாம் அங்கே கொட்டப்பட்டது. விமான நிலையமும் அதே நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது.

மீன் கடை வாசலில் காக்கா கூடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த அதிகாரிகளுக்குத் தெரியாதா?

தெரிந்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மழுப்பாமல் எழுதிவைத்தது. அங்கே பறவை ஆபத்து இருப்பது விமானப் போக்குவரத்து இலாகாவுக்குத் தெரியும். விமான நிலைய நிர்வாகத்துக்கும் தெரியும். முன்பு கொடுத்த உறுதிமொழிக்கு மாறாக, அதை அகற்ற நிர்வாகம் நடவடிக்கை எடுக்கவில்லை. வாரியத்தின் முடிவு இதுதான்.

விமான நிலையத்துக்காக அந்த மாவட்ட நிர்வாகம் மத்திய சர்க்காரிடம் பணம் வாங்கியிருந்தது. சும்மா வாங்கவில்லை. சுற்றியுள்ள நிலத்தை விமானம் ஏறி இறங்க இடைஞ்சல் இல்லாதபடி வைத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியது.

பணம் வந்தது. குப்பை மேடு அப்படியே இருந்தது. 7 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

கோர்ட்டுப் படி

செத்தவர்களின் குடும்பத்தினர் விடவில்லை. தீக்காயம் பட்டவரும் சேர்ந்துகொண்டார். "எங்களுக்காகத்தானே அந்த ஒப்பந்தம்? அதை மீறியதால்தானே இந்தச் சாவு?" என்று வழக்குப் போட்டார்கள்.

வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1977-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. யார் குற்றவாளி என்று அதில் சொல்லவில்லை. இந்த வழக்கை மத்திய சட்டப்படி பார்ப்பதா, ஜார்ஜியா மாநிலச் சட்டப்படி பார்ப்பதா என்பதுதான் அங்கே கேள்வி. மாநிலச் சட்டப்படி பாருங்கள் என்று வழக்கைக் கீழ் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

4 வருஷம் ஓடி, எந்தச் சட்டம் என்பதற்குத்தான் பதில் கிடைத்தது! வாய்தா வாங்கியே செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு அப்புறம் குப்பை மேட்டுக்கு விதிகள் வந்தன. 1991-ம் ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா ஒரு தூரக் கணக்கு போட்டது. ஜெட் விமானம் இறங்குகிற ஓடுபாதையில் இருந்து 10 ஆயிரம் அடிக்குள் குப்பைக் கிடங்கு வைத்தால், பறவைத் தொல்லை வராது என்று நிரூபிக்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால், சுழல் விசிறி வைத்த சின்ன விமானங்கள் மட்டும் இறங்குகிற ஓடுபாதையாக இருந்தால்? 5 ஆயிரம் அடி போதுமாம். பாதிதான்!

ஜெட் எஞ்சின்தான் பறவையை உறிஞ்சி இழுக்கும், விசிறி எஞ்சின் இழுக்காது என்பது இதற்குச் சொல்லும் நியாயம். எஞ்சின் வரைக்கும் அது சரி. ஆனால் அந்த விமானத்தில் எஞ்சின் மட்டுமா இருக்கிறது? முன்னால் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருக்கிறான்.

கண்ணாடி என்று பெயர்

கண்ணாடி என்று சொல்வது பேச்சுக்குத்தான். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பையன்கள் உட்கார்ந்து பழகுகிற 4 பேர் விமானத்தில் முன்புறம் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். மெல்லிய தகடு. மழையைத் தாங்கும், காற்றைத் தாங்கும். கழுகு வந்து மோதினால் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

பெரிய பயணிகள் விமானத்துக்கு அமெரிக்க விதி வேறு. 4 பவுண்டு, அதாவது சுமார் 1.8 கிலோ எடையுள்ள பறவை முழு வேகத்தில் மோதினாலும் விமானிக்கு முன்னால் உள்ள கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரக்கூடாது. இதைச் சோதிக்க செத்த கோழியை பீரங்கி மாதிரி ஒரு குழாயில் போட்டு, காற்றின் அழுத்தத்தில் கண்ணாடி மீது சுடுகிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்தக் கோழியின் புண்ணியத்தில்தான் பல விமானிகள் வீடு திரும்புகிறார்கள்.

10 முதல் 19 பயணிகள் வரை ஏறுகிற விமானத்துக்கு 2 பவுண்டு பறவை.

9 பயணிகளும் அதற்குக் கீழும் ஏறுகிற சின்ன விமானத்துக்கு? கோழியும் கிடையாது, குஞ்சும் கிடையாது. அப்படி ஒரு விதியே இல்லை.

பறவை சின்ன விமானத்தைப் பார்த்து "பாவம், இது சின்னது" என்று ஒதுங்கிப் போகுமா? உள்ளபடி பார்த்தால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். பெரிய விமானம் சில நிமிஷத்தில் பறவைகளைத் தாண்டி உயரே போய்விடும். சின்ன விமானம் பறவைகள் பறக்கிற உயரத்திலேயே மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் இரண்டு பேரும் குடித்தனம்.

வேகம் குறைவுதானே என்று கேட்கலாம். அது உண்மை. வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு ஆகும். வேகம் குறைந்தால் அடியும் அதே கணக்கில் குறையும். ஆனால் மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் முகத்துக்கு நேரே ஒரு வாத்து வந்தால் அது குறைந்த அடியா? பஸ் கண்ணாடியில் கல் விழுந்தாலே டிரைவர் நிறுத்தி இறங்கிப் பார்க்கிறார். இங்கே நிறுத்த ரோடு ஏது?

தகடு உடைந்ததும் காற்று உள்ளே பாயும். ரத்தமும் இறகும் முகத்தில் அப்பும். சத்தத்தில் ரேடியோ கேட்காது. அந்த நிலையிலும் வேகத்தைக் குறைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து இறக்கியவர்கள் உண்டு. எல்லோராலும் முடியுமா?

எண்ணிக்கை பார்த்து விதி

விதி எப்போது வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1960-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி பாஸ்டன் நகரில் ஒரு பயணிகள் விமானம் மைனா ஜாதிக் குருவிக் கூட்டத்தில் மாட்டி விழுந்தது. 62 பேர் பலி. அதற்குப் பிறகு எஞ்சினுக்குள் பறவையை விட்டுச் சோதிக்கும் விதி வந்தது.

1962-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி மேரிலாந்து மாநிலத்தில் ஒரு விமானத்தின் வால் பகுதியில் அன்னப் பறவை மோதியது. 17 பேர் பலி. 1970-ம் ஆண்டு வாலுக்கு 8 பவுண்டு பறவை என்று விதி வந்தது.

62 பேர், 17 பேர் என்றால் விதி. ஒருவர், இருவர் என்று செத்தால்?

பறவையிடம் முதலில் செத்தவரே சின்ன விமானத்துக்காரர்தான். 1905-லேயே ஆர்வில் ரைட் ஒரு வயலுக்கு மேலே பறக்கும்போது பறவை அடிபட்டதாகக் குறித்துவைத்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1911-ல் அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்து கடந்த முதல் ஆள் கால் ரோட்ஜர்ஸ். 1912-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி கலிபோர்னியாவில் லாங் பீச் கடற்கரை ஓரம் பறந்தபோது, விமானத்தைத் திருப்பும் கம்பிகளில் ஒரு கடல் புறா சிக்கிக்கொண்டது. விமானம் கடல் அலையில் விழுந்து அவர் செத்தார். 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சின்ன விமானத்தின் கண்ணாடிக்கு இன்னும் பறவைச் சோதனை இல்லை.

2008-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி ஓக்லஹோமா நகரில் நடந்ததைப் பாருங்கள். "செஸ்னா சைட்டேஷன்" என்ற சின்ன ஜெட். கிளம்பி சில நிமிஷத்தில் கூழைக்கடாக் கூட்டத்தில் மோதியது. வேடந்தாங்கல் போனவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பெரிய பறவை என்று. அந்த ஊர் கூழைக்கடா நம்ம ஊரில் இருப்பதைவிடவும் பெரியது. இறக்கை சேதமாகி விமானம் தலைகுப்புற விழுந்தது. 5 பேரும் பலி. விதிப் புத்தகத்தில் இருக்கிற பறவை 4 பவுண்டு, வாலுக்கு மட்டும் 8 பவுண்டு. ஏரியில் இருந்து எழுந்த பறவை அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டா வந்தது?

11 நாள் வித்தியாசம்

2009-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் பெரிய பயணிகள் விமானம் ஒன்று வாத்துக் கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சினும் நின்று, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். உலகமே பேசியது. சினிமாவும் வந்தது. பேச வேண்டிய விஷயம்தான், தப்பில்லை.

அதற்கு 11 நாளைக்கு முன்னால், ஜனவரி 4-ந் தேதி, லூசியானா மாநிலத்தில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது. கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போன ஹெலிகாப்டர். 9 பேரில் 8 பேர் செத்தார்கள். இந்தச் செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹெலிகாப்டர் வேறு, விமானம் வேறு. ஆனால் கண்ணாடிக் கதை ஒன்றுதான். அதில் முதலில் இருந்தது பல அடுக்கு வைத்த உறுதியான கண்ணாடி. அதை எடுத்துவிட்டு எடை குறைந்த அக்ரிலிக் மாட்டியிருந்தார்கள். ஒரு பருந்து முன்புறம் மோதியது. ஒன்றேகால் கிலோகூட இல்லாத பருந்து. மோதிய அதிர்ச்சியில் தலைக்கு மேலே இருந்த எஞ்சின் கைப்பிடிகள் பின்னால் நகர்ந்து, இரண்டு எஞ்சினும் சக்தி இழந்தன.

பருந்துதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சிதறிக் கிடந்த ஹெலிகாப்டரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உடைந்த பாகத்தைத் துடைத்து எடுத்த பஞ்சை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இறகு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. போலீஸ் இலாகாவில் கைரேகை நிபுணர் எப்படியோ, அங்கே இறகு நிபுணர்கள் அப்படி. ஒரு பொட்டு ரத்தம், ஒரு துளி இறகுத் தூள் போதும். இன்ன பறவை என்று பெயர் சொல்லிவிடுவார்கள்.

அதைத் தொடங்கி வைத்தவர் ராக்சி லேபோர்ன் என்ற பெண்மணி. 1960-ல் பாஸ்டனில் விழுந்த விமானத்தின் எஞ்சினில் இருந்து எடுத்த இறகுகள் அவரிடம்தான் போயின. செத்த பறவைகளைப் பதப்படுத்தி வைத்திருக்கும் பீரோக்களைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிற்காலத்தில் கொலை வழக்குகளில் போலீசாருக்கும் உதவினார். தலையணையில் இருந்து பறந்த ஒரு இறகு ஆளைக் காட்டிக்கொடுக்கும்!

செத்த பறவையின் ஜாதியைக் கண்டுபிடிக்க இத்தனை மூளை இருக்கிறது. செத்த மனிதனுக்கு முன்னால் இருந்த தகடு ஏன் அத்தனை மெல்லிசு என்ற கேள்விக்கு மட்டும் விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

பணக்காரன் பொழுதுபோக்கா?

"சொந்த விமானம் வைத்திருக்கிறவன் பணக்காரன். அவன் பாடு அவனோடு" என்று ஒரு பேச்சு உண்டு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்கு அப்படித் தோன்றுவதில் தப்பும் இல்லை.

ஆனால் அந்த விமானத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடன் வாங்கி விமானம் ஓட்டக் கற்கிற பையன் இருக்கிறான். நாளைக்கு அவன்தான் 150 பேரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறவன். சம்பளத்துக்கு வயலில் மருந்து தெளிக்கிற விமானி இருக்கிறார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிற விமானம் இருக்கிறது. அட்லாண்டாவில் தீயில் வெந்த அந்த ஆள் எந்த விமானத்துக்கும் சொந்தக்காரர் இல்லை. அவர் டிக்கெட்டே வாங்கவில்லை.

விமானம் செய்கிறவர்கள் சொல்லும் சமாதானம் எடை. கனமான கண்ணாடி போட்டால் சின்ன விமானம் சுமக்குமா? கேள்வி நியாயமானது. பெரிய விமானத்தின் கண்ணாடியைக் கொண்டுவந்து இதில் மாட்ட முடியாதுதான். அதற்காகப் பூஜ்யத்தில் நிற்பதா? அதே அக்ரிலிக்கில் இன்னும் தடிமனான தகடு விற்கிறது. வேண்டுகிறவர்கள் காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். வயலுக்கு மருந்து அடிக்கிற விமானிகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். 2 பவுண்டு வேண்டாம், 1 பவுண்டு பறவைக்காவது சோதித்துப் பார், அதை வாங்குகிறவனிடம் எழுதிக்கொடு என்று சர்க்கார் ஏன் சொல்லக்கூடாது?

இப்போதைக்கு விமானிகளுக்குக் கிடைப்பது யோசனைதான். பறவைக் கூட்டம் எதிரே வந்தால் மேலே ஏறு, கூட்டம் பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் சிதறும் என்று அமெரிக்க விமான இலாகா சொல்கிறது. நல்ல யோசனை. பறவை கண்ணுக்குத் தெரிந்தால்!

புகார் இல்லை, கேஸ் இல்லை

எத்தனை மோதல் நடக்கிறது என்ற கணக்கே சரியாக இல்லை. அமெரிக்காவில் 1990-ல் இருந்து பறவை மோதல்களுக்குக் கணக்கு வைக்கிறார்கள். ஆனால் புகார் கொடுப்பது விமானியின் இஷ்டம். கட்டாயம் இல்லை. கட்டாயம் ஆக்குங்கள் என்று பாதுகாப்பு வாரியம் 1999-லேயே கேட்டது. விமான இலாகா ஒப்பவில்லை. ஹட்சன் விபத்துக்கு அப்புறம் 2009-ல் அந்தக் கணக்கை வெளியே காட்டாமல் பூட்டிவைக்கக்கூடப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. ஏப்ரல் மாதம் திறந்துவிட்டார்கள்.

பெரிய விமானக் கம்பெனி என்றால் எழுதி அனுப்ப ஆள் இருக்கிறது. சின்ன விமான நிலையங்களில் இருந்து வரும் புகார் ரொம்பக் குறைவு.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரே வராவிட்டால் அந்தப் பேட்டையில் திருட்டே இல்லை என்று அர்த்தமா? ஆனால் "சின்ன விமானத்தில் இது அபூர்வம், அதற்கு எதற்கு விதி" என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரு விமானி சாயங்காலம் இறங்குகிறார். இறக்கையின் முன் ஓரத்தில் ஒரு சொட்டை. பக்கத்தில் கொஞ்சம் ரத்தம், இரண்டு இறகு. சுற்றிப் பார்க்கிறார். மேலதிகாரி இல்லை, குமாஸ்தா இல்லை, நிரப்பச் சொல்லி பாரம் நீட்டுகிறவரும் இல்லை. பழந்துணியை எடுத்துத் துடைக்கிறார். துணியைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்.